மிஷினுக்கு எட்டாத இடம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன்னு எழுதினா நீ நம்பமாட்டே. அதனால உள்ளதையே எழுதறேன். முதுகு வலி இருக்கு, பசி பரவாயில்லை, தூக்கம் அதுக்கு இஷ்டப்பட்டா வருது. உன் உடம்பு எப்படி இருக்கு? புதுக் காது மிஷின் இன்னும் விசில் அடிக்குதா?

போன்ல பேசினா உனக்கு வெறும் கரகரப்பு. மெசேஜ் அனுப்பினா "சரி", "ம்", அவ்வளவுதான் பதில். அதான் திரும்பவும் காகிதத்துக்கே வந்துட்டேன். எனக்கு ஒரு விஷயத்தை யார்கிட்டயாவது கொட்டணும். வீட்ல நானும் சுவரும்தான். சுவர் பதிலே சொல்லாது, நீ லேட்டாவாவது சொல்லுவே.

எங்க ஆஸ்பத்திரிக்குப் புதுசா ஒரு ஸ்கேன் மிஷின் வந்திருக்கு. மார்பு பார்க்கறதுக்குன்னே செஞ்சது. இருபது வருஷமா நான் கையில பிடிச்சுப் பார்க்கறேனே சோப்புக்கட்டி அளவுல ஒரு புரோப், அது மாதிரி இல்ல இது. நோட்டுப் புஸ்தகம் அகலத்துக்குத் தட்டையா ஒரு பலகை, நீளமான இரும்புக் கையில தொங்குது. மார்பு மேல வெச்சு லேசா அழுத்திப் பட்டனைத் தட்டினா போதும். உள்ளுக்குள்ளயே தானா நகர்ந்து ஒரே நிமிஷத்துல மொத்தத்தையும் படம் பிடிச்சுடுது. ஒரு பக்கத்துக்கு மூணு தடவை. நூத்துக்கணக்கான படம். டாக்டரம்மா அவங்க அறையில டீ குடிச்சுக்கிட்டே ஒவ்வொண்ணா தள்ளிப் பார்க்கறாங்க. வந்த பொம்பளையோட முகத்தைக்கூட அவங்க பார்க்க வேண்டாம். எனக்கு என்ன வேலைன்னா ஜெல் தடவணும், கையைத் தலைக்கு மேல தூக்கச் சொல்லணும், "அசையாதீங்க, அழாதீங்க, படம் ஆடிடும்"னு சொல்லணும். இதுக்கு நான் எதுக்கு, ஒரு டேப் ரிக்கார்டர் போதுமே.

டாக்டரம்மா இதுல ஒரு பந்தயம் வேற வெச்சிருக்காங்க. மூணு மாசத்துக்கு, வர்ற ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு விதமாவும் எடுக்கணும். நான் கையால பார்த்து எழுதினதை உறையில போட்டு ஒட்டிடணும். மிஷின் படத்தை அவங்க தனியா பார்த்து எழுதுவாங்க. கடைசில உறையைப் பிரிச்சு ஒப்பிடறது. "உங்களைக் குறை கண்டுபிடிக்க இல்லம்மா"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. முதல் தடவை சொன்னப்ப ஒண்ணும் தோணல. ரெண்டாவது தடவைதான் சுருக்குன்னுச்சு.

அது கிடக்கட்டும். உன் சமாச்சாரத்துக்கு வர்றேன். நம்ம அம்மாவுக்கு மார்புல வந்தது நம்ம ரெண்டு பேருக்கும் வரலாம், வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தே ஆகணும்னு எத்தனை தடவை எழுதிட்டேன். எனக்கு என்கூட வேலை செய்யற பொண்ணு பார்த்துடறா. அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. நீ ஒரு தடவைகூட என் மேஜையில வந்து படுக்கல. என் வீட்டு வாசலை மிதிச்சே மூணு வருஷம் ஆகுது. ஏன்னு கேட்டா பேச்சை மாத்தறே. ரெண்டு நாள் லீவு போட்டு வாயேன். நீ வந்தா நானும் உட்கார்ந்து சாப்பிடுவேன். தனியா இருந்தா அடுப்புகிட்ட நின்னே தின்னு முடிச்சுடறேன்.

குளிர்ல வெறுங்காலோட நிக்காதே. பதில் போடு.

உன் வாலு


ஜனவரி 29

வாலு,

உன் கடிதம் வந்து பதினஞ்சு நாளாச்சு. எனக்கு ஒரு குறையும் இல்லை. காது மிஷின் தலையணையில பட்டா விசில் அடிக்குது, அதனால படுக்கும்போது கழட்டி டம்ளர்ல போட்டுடறேன். உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கொடுக்கமாட்டே, தெரியும்.

நாப்பத்தாறு வயசுல வாலுன்னு கையெழுத்துப் போடறே, வெட்கமா இல்லையா? ஆஸ்பத்திரியில உன்னை எல்லாரும் மேடம்னு கூப்பிடறாங்களாம். இந்தக் கடிதத்தை ஒரு நாள் அங்கே ஒட்டிவைக்கறேன் பாரு.

மிஷின் வந்ததுக்கு நீ இவ்வளவு அழறே. எங்க ஓட்டல் லாண்டரிக்கு வந்து பாரு. போர்வை மடிக்கறதுக்கு ரெண்டு பேர் வேணும் இல்லையா, ஆளுக்கு ரெண்டு முனை பிடிச்சுக்கிட்டு எதிரும் புதிருமா நிப்போம். பதினேழு வருஷம் என் எதிர்ல ஒருத்தி நின்னா. எனக்குக் காது மந்தமானதும் அவ வாயைப் பார்த்தே எல்லாம் புரிஞ்சுக்குவேன். அவ மாமியாரைத் திட்டறது, மேஸ்திரி மாதிரி நடிச்சுக் காட்டறது, எல்லாம் போர்வைக்கு மேலதான். போன மாசம் மடிக்கற மிஷின் வந்தது. அவளை வேற கட்டடத்துக்கு மாத்திட்டாங்க. நான் ஒரு முனையைக் கொடுக்கறேன், மிஷின் இழுத்துக்குது. எதிர்ல யாரும் இல்ல. சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் ஒரு மேஜையில உட்கார்றாங்க. எங்கூடப் பேசணும்னா கத்தணும், யாருக்கு அவ்வளவு பொறுமை? நானும் தட்டை எடுத்துக்கிட்டு ஜன்னல் பக்கம் போயிடறேன்.

உன் மிஷின் சத்தத்தை வெச்சுத்தான் படம் எடுக்குதுன்னு ஒரு தடவை சொன்னே, யார் காதுக்கும் கேக்காத சத்தம்னு. எனக்கு இப்ப எல்லாச் சத்தமும் அப்படித்தான். அதனால அந்த மிஷின் மேல எனக்கு ஒரு பாசம் வந்துடுச்சு.

சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அதுல படுத்தா யாரும் கை வைக்க வேண்டியதே இல்லையா? பலகை எதுவரைக்கும் பார்க்கும்? மார்பு மட்டும்தானா, இல்ல அக்குள் வரைக்குமா?

வேளைக்குச் சாப்பிடு. உட்கார்ந்து சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேள்வி கேட்டு எழுதினதுல எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் வேலையைப் பத்தி நீ கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு. நான் சுகம்தான். உன் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன், அந்த ஜன்னல் பக்கம் வந்ததும் மனசு கஷ்டமாப் போச்சு. காது கேக்காதவங்க எதிர்ல வந்து நின்னு பேசணும்னு அவங்களுக்கு ஒருத்தர் சொல்லக்கூடாதா?

உன் கேள்விக்கு வர்றேன். கை வைக்க வேண்டியது ரொம்பக் கம்மி. பலகையைச் சரியா உட்காரவைக்கணும், அவ்வளவுதான். மார்பு முழுக்கப் பார்க்கும். அக்குள்தான் அதுக்கு எட்டாது. பலகை தட்டை, அக்குள் குழி, ஒட்டாத இடத்துல படம் வெறும் கறுப்பா வரும். அங்கே நெறி கட்டியிருக்கா, கட்டி இருக்கான்னு பார்க்கணும்னா என் சோப்புக்கட்டிதான் வேணும். கட்டிக்குள்ள ரத்தம் ஓடுதான்னு பார்க்கவும் கைதான். மிஷின் எதையாவது சந்தேகப்பட்டாலும் கடைசில எங்கிட்டதான் அனுப்பறாங்க. இதையெல்லாம் ரொம்பக் கர்வத்தோட எழுதிக்கிட்டு இருக்கேன்னு நினைக்காதே. கர்வம் போன வாரம் போயிடுச்சு.

ஒரு டீச்சர் வந்தாங்க. நான் கையால பார்த்தேன், ஒண்ணும் இல்லைன்னு எழுதி உறையை ஒட்டினேன். மறுநாள் டாக்டரம்மா கூப்பிட்டாங்க. பந்தயம் முடியறவரைக்கும் உறையைப் பிரிக்கக்கூடாது, ஆனா இதைப் பிரிச்சுட்டாங்க. நடு நெஞ்செலும்பு ஓரமா, ஆழத்துல, ஏழு மில்லிமீட்டர். மிஷின் படத்துல ஒரு புள்ளி மாதிரி உட்கார்ந்திருக்கு. என் கை அந்த வழியாத்தான் போயிருக்கும். கண்ணு அப்ப எங்கே இருந்ததுன்னு தெரியல. டாக்டரம்மா ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பேன்.

அக்கா, இன்னொண்ணு சொல்லணும். அந்த மிஷின் எடுத்ததெல்லாம் அப்படியே இருக்கும். பத்து வருஷம் கழிச்சும் திறந்து பார்க்கலாம். நான் கையால பார்க்கறப்ப எங்கே பட்டனை அழுத்தி நிறுத்தறேனோ அந்தப் படம் மட்டும்தான் மிஞ்சும். மத்ததெல்லாம் ஓடி மறைஞ்சுடும். அம்மாவை நான் பார்த்த அன்னிக்கு நாலு இடத்துல நிறுத்தினேன். நாலு படம். இன்னும் எங்கிட்ட இருக்கு. நாலுலயும் ஒண்ணும் இல்ல. இடது கையைத் தூக்க முடியலன்னாங்க. வெளியே பதினாலு பேர் காத்திருந்தாங்க. சரி விடும்மான்னு விட்டுட்டேன். வேற எந்தப் பொம்பளையா இருந்தாலும் விட்டிருக்கமாட்டேன், எப்படியாவது தூக்கவெச்சுப் பார்த்திருப்பேன். எட்டு மாசம் கழிச்சு அதே அக்குள்ல எலுமிச்சம்பழம் மாதிரி நின்னது. நான் பார்த்த அன்னிக்கு அது இருந்ததா இல்லையா? அது மட்டும் தெரிஞ்சா போதும் எனக்கு. இருந்ததுன்னு தெரிஞ்சாக்கூடப் போதும்.

நீ எங்கிட்ட படுக்காததுக்கு இதுதான் காரணமா? என் கையை நீ நம்பலையா? கேட்டுட்டேன். கோபப்படாம பதில் எழுது.

வாலு


மார்ச் 20

வாலு,

நலமா இருப்பேன்னு நம்பறேன். எனக்கும் ஒண்ணும் இல்ல. லாண்டரியில நீராவிக் குழாய் வெடிச்சு ஒரு வாரம் ஒரே களேபரம், அதான் லேட்டு.

ஏப்ரல்ல மூணு நாள் லீவு சேருது. வர்றேன். உன் ஆசைப்படி படுக்கறேன். ஆனா அந்தப் புது மிஷின்லதான் படுப்பேன். கையால எல்லாம் வேண்டாம். அதுக்கு ஒத்துக்கிட்டா டிக்கெட் எடுக்கறேன்.

உனக்கு ரெண்டு தலையணை உறை எடுத்து வெச்சிருக்கேன். ஓட்டல் பேர் போட்டிருக்கும், கண்டுக்காதே.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

இங்கே எல்லாம் அப்படியே இருக்கு. உன் சௌகரியம் தெரிஞ்சு சந்தோஷம்.

நான் நாலு பக்கம் எழுதிக் கேட்டேன். நீ குழாய் வெடிச்சதைப் பத்தி எழுதியிருக்கே. சரி. கையால வேண்டாம்னு சொன்னதுல பதில் வந்துடுச்சுன்னு எடுத்துக்கறேன். கஷ்டமாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லி நடிக்க எனக்கு வராது.

ஏப்ரல் 16, காலையில பத்து மணிக்கு உன் பேர் போட்டுவெச்சிருக்கேன். பந்தயம் அதுக்குள்ள முடிஞ்சுடும், அதனால மிஷின் மட்டும் போதும். ஸ்டேஷனுக்கு வர்றேன். நாலாவது பெட்டில ஏறு, இறங்கினா படிக்கட்டு பக்கத்துலயே இருக்கும்.

வாலு


ஏப்ரல் 24

வாலு,

பத்திரமா வந்து சேர்ந்தேன். வழியில ஒரு தொந்தரவும் இல்ல. நீ கட்டிக்கொடுத்த ரொட்டியை எதிர் சீட்டுக் கிழவர்கூடப் பங்கு போட்டுச் சாப்பிட்டேன். அவர் ஏதோ பேசிக்கிட்டே வந்தார், நான் சிரிச்சுக்கிட்டே வந்தேன். கடைசில என்னமோ கண்ணைத் துடைச்சுக்கிட்டார். நான் சிரிச்சது தப்போ என்னவோ.

ரிப்போர்ட் வந்தது. ரெண்டு பக்கமும் ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கு. இனிமேலாவது வருஷா வருஷம் எனக்கு உபதேசம் எழுதறதை நிறுத்து. மிஷின் நல்ல மிஷின். பட்டுன்னு முடிஞ்சது.

உன் வீட்ல ரெண்டு நாள் இருந்தது நல்லா இருந்தது. நீ பேசறப்ப எதிர்ல வந்து உட்கார்ந்து நிதானமாப் பேசினே. எனக்கு அந்த மாதிரி யாரும் பேசி ரொம்ப நாளாச்சு. உன் வீட்ல ஒரே ஒரு கப்புதான் மேஜை மேல இருக்கு, மத்ததெல்லாம் அலமாரி உச்சில தூசி பிடிச்சுக் கிடக்கு. ரெண்டு கப்பைக் கீழே இறக்கி வெச்சுட்டு வந்திருக்கேன். அப்படியே இருக்கட்டும்.

உடம்பைக் கவனி.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கே. எனக்கு அதுல சந்தேகம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல்ல பந்தயத்தைச் சொல்லிடறேன். உறையெல்லாம் பிரிச்சாச்சு. இருநூத்துப் பன்னெண்டு பேர். கிட்டத்தட்ட எல்லாத்துலயும் மிஷினும் நானும் ஒண்ணைத்தான் சொல்லியிருக்கோம். நான் விட்டது மூணு, மிஷின் கண்டுபிடிச்சது. மிஷின் விட்டது ரெண்டு, நான் கண்டுபிடிச்சது. அந்த ரெண்டும் அக்குள் பக்கம். ரெண்டு பேரும் என் விரலைப் பிடிச்சு "இங்கே ஏதோ தட்டுப்படுது, பாருங்க"ன்னு அவங்களே வெச்சாங்க. அப்படி வெச்சதாலதான் தெரிஞ்சது. டாக்டரம்மா இனிமே ரெண்டும் வேணும்னு எழுதிட்டாங்க. நான் ஜெயிச்சேன்னும் சொல்ல முடியாது, தோத்தேன்னும் சொல்ல முடியாது.

இப்ப உன் கதை. பலகையை வைக்கறதுக்காக உன் இடது கையைத் தூக்கச் சொன்னேன். பாதிக்கு மேல வரல. "தோள்பட்டை மக்கர் பண்ணுதுடி, இவ்வளவுதான் வரும்"னு சொன்னே. அக்கா, அம்மா அன்னிக்கு எங்கிட்ட சொன்னதும் இதேதான். மக்கர்ங்கற வார்த்தைகூட மாறல. அந்த வார்த்தையை நான் உன்கிட்ட மட்டுமில்ல, யார்கிட்டயும் சொன்னதில்லை.

அன்னிக்குச் சாயங்காலமே நீ என் அலமாரி உச்சியிலேர்ந்து கப்பை எடுத்தே. இடது கையால எடுத்தே. நான் பார்த்துக்கிட்டு நின்னேன்.

அக்குள் வரைக்கும் பார்க்குமான்னு ஜனவரியில கேட்டே. பார்க்காதுன்னு நான் எழுதினேன். அதுக்கப்புறம்தான் மிஷின்ல படுக்கறேன்னு ஒத்துக்கிட்டே. நான் என்ன மண்டுவா? எது பார்க்கும்னு தெரிஞ்சு வர்றவங்களைப் பார்த்திருக்கேன். எது பார்க்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்தவ நீ ஒருத்திதான். ரிப்போர்ட்டைத் திருப்பிப் பாரு. கடைசி வரி நான் எழுதினது: இடது அக்குள் பார்க்கப்படவில்லை.

அன்னிக்கே உன் எதிர்ல உட்கார்ந்து கேட்டிருக்கணும். ரெண்டு நாள் இருந்தே. என் வாயைப் பார்த்துத்தான் உனக்குப் புரியும், என் வாய் வரல. பயமா இருந்தது. ஸ்டேஷன்ல வண்டி கிளம்பினதும் எனக்கே என்னைக் கண்டா அருவருப்பா இருந்தது.

என் கை வேண்டாம்னா விடு. உன் ஊர்லயே யாராவது கையால பார்க்கட்டும். ஆனா பார்க்கணும். அங்கே என்ன இருக்குன்னு எழுது.

வாலு


மே 25

அக்கா,

பதில் இல்ல. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிட்டுப் போறார். நீ இறக்கி வெச்ச ரெண்டு கப்பும் அங்கேயே இருக்கு. உடம்புக்கு எப்படி இருக்குன்னு ஒரே ஒரு வரி எழுது. வேற எதுவும் எழுத வேண்டாம்.

வாலு


ஜூன் 14

வாலும்மா,

நீ நல்லா இருக்கணும். என் உடம்பைப் பத்தி இந்த ஒரு தடவை பொய் எழுதப்போறதில்லை, பொறுமையாப் படி.

உன் கடிதத்தைப் பாதி படிச்சுட்டு ஒரு மாசம் அலமாரில வெச்சிருந்தேன். மக்கர்ங்கற வார்த்தை வந்த இடத்துல நிறுத்திட்டேன். அம்மா அதைச் சொன்னப்ப நான் உன் அறைத் திரைக்கு வெளியே நாற்காலில உட்கார்ந்திருந்தேன். அப்ப எனக்குக் காது நல்லாக் கேட்டது.

அன்னிக்கு அது இருந்தது வாலு. ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முந்தின நாள் அம்மா குளியலறையிலேர்ந்து என்னைக் கூப்பிட்டாங்க. என் கையைப் பிடிச்சு இடது அக்குள்ல வெச்சாங்க. கொட்டைப் பாக்கு மாதிரி இருந்தது. நான் பதறினேன். நாளைக்குச் சின்னவகிட்ட காட்டலாம்மான்னேன். காட்டமாட்டேன்னாங்க. "சின்னவ கையால இது தெரியக்கூடாது. அவ அப்புறம் எந்தப் பொம்பளையையும் நிம்மதியாத் தொடமாட்டா. அவளுக்கு இருக்கறது அந்த வேலை ஒண்ணுதான். அவ பார்த்து ஒண்ணும் இல்லைன்னு சொல்லட்டும், அப்புறம் வேற எங்கேயாவது போய்ப் பார்த்துக்கறேன்." எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. அந்த வேற எங்கேயாவதுக்கு அவங்க போகவே இல்ல. நாளைக்கு, நாளைக்குன்னு எட்டு மாசம். நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

ஆக, நீ விடலை. உன்கிட்ட மறைச்சாங்க. மறைச்சதுக்கு நான் காவல் இருந்தேன். இதைத்தான் ஏழு வருஷமா உன்கிட்ட சொல்லாம வெச்சிருந்தேன். முதல்ல சத்தியம்னு சொல்லிக்கிட்டேன். அப்புறம் சத்தியமெல்லாம் இல்ல, பயம். சொன்னா நீ என் முகத்துல முழிக்கமாட்டேன்னு பயம். உன் மேஜையில படுத்தா உன் முகம் ரெண்டு சாண் தூரத்துல இருக்கும். அவ்வளவு பக்கத்துல வெச்சுக்கிட்டு எப்படி மறைக்கறது? அதான் வரல. உன் கையை நம்பலையான்னு கேட்டியே, அதைப் படிச்சப்ப எனக்குச் செத்துடலாம் போல இருந்தது.

என் கதைக்கு வர்றேன். டிசம்பர்ல, ஈரப் போர்வையைத் தூக்கறப்ப உறுத்திச்சு. தடவிப் பார்த்தேன். அம்மாவோடது என் விரலுக்கு ஞாபகம் இருந்தது. அதை விடச் சின்னது, அதே இடம்.

நான் என்ன செஞ்சேன்னு பாரு. அம்மா மேல ஏழு வருஷமா எனக்கு உள்ளுக்குள்ள கோபம். எவ்வளவு முட்டாள்தனம்னு நினைச்சு நினைச்சுப் பொருமியிருக்கேன். எனக்குன்னு வந்ததும் அட்சரம் பிசகாம அதையே செஞ்சேன். உன் வீட்டுக்கு வரணும்னு ஆசை. வந்தா கை வைப்பே. மிஷின் வந்ததும் வழி கிடைச்சதுன்னு நினைச்சேன். பாதி மனசு மிஷினே கண்டுபிடிச்சுடட்டும்னு இருந்தது, யாரோட கையும் இல்லாம. ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட் வந்ததும் அதைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு இங்கே அறையில உட்கார்ந்திருந்தேன். இதை யார்கிட்டயும் சொல்ல முடியாதேன்னு அப்பதான் உறைச்சது.

எழுதிட்டேன். நீ என்ன முடிவு பண்ணினாலும் சரி.

அக்கா


ஜூன் 19

அக்கா,

நீ எப்படி இருக்கேன்னு கேக்கப்போறதில்லை, தெரிஞ்சுபோச்சு. நான் எப்படி இருக்கேன்னா, உன் கடிதம் வந்த நாள்லேர்ந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்.

அந்த நாலு படத்தை வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் பார்த்திருக்கேன். ஏழு வருஷம். கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவுல ஏதாவது தெரியுதான்னு பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்திருக்கேன். நிம்மதியாத் தொடமாட்டேன்னு சொன்னாங்களாம். நான் எந்த நாள் நிம்மதியாத் தொட்டேன்? ஒரு வரி நீ எழுதியிருக்கலாம். இங்கே வந்து என் எதிர்ல உட்கார்ந்து டீ குடிச்சியே, அப்பக்கூடச் சொல்லியிருக்கலாம். உன் மேல எனக்கு இருக்கற கோபம் இப்பத் தீராது. தீர்ந்ததும் சொல்லி அனுப்பறேன்.

அதுக்காகக் காத்திருக்காதே. இதைப் படிச்சு முடிச்சதும் மேஸ்திரிகிட்ட லீவு சொல்லிட்டுக் கிளம்பு. ஜூன் 24, காலையில எட்டு மணி. மிஷின் இல்ல, என் கை. வேற ஒருத்தியைப் பார்க்கச் சொல்லலாம்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன். நாலாவது பெட்டி.

வாலு


ஜூன் 24, ஸ்கேன் அறை

அக்கா, நீ காது மிஷினைக் கழட்டிட்டே. நான் திரையைப் பார்க்கணும், அதனால என் வாயையும் நீ பார்க்க முடியாது. இந்த அட்டையை உன் வயித்து மேல வெச்சுக்கறேன். நான் நீலப் பேனா, நீ பென்சில். என் வலது கை புரோப்ல இருக்கும், இடது கையால எழுதறேன், கோணலாத்தான் வரும்.

நீலம்: இடது கையை இன்னும் மேல தூக்கு.

பென்சில்: தோள்பட்டை மக்கர் பண்ணுது.

நீலம்: அக்கா.

பென்சில்: சும்மா சொன்னேன். இதோ. போதுமா?

நீலம்: போதும். ஜெல் சில்லுன்னு இருக்கா?

பென்சில்: ஜெல் பரவாயில்லை. உன் கைதான் ஐஸ் மாதிரி இருக்கு. சாப்பிட்டியா?

நீலம்: அப்புறம். உன் விரலை வெச்சுக் காட்டு. எந்த இடம்?

பென்சில்: இங்கேதான். இப்ப விரலை எடுத்துட்டேன், நீ பாரு.

பென்சில்: என்ன, ரொம்ப நேரமா ஒண்ணும் எழுதல.

நீலம்: பார்த்துக்கிட்டிருக்கேன்.

பென்சில்: இருக்கா?

நீலம்: இருக்கு.

பென்சில்: எவ்வளவு?

நீலம்: பதினோரு மில்லிமீட்டர். அம்மாவோடது தெரியவந்தப்ப நாப்பது. டாக்டரம்மா அடுத்த அறையில காத்திருக்காங்க. இன்னிக்கே ஊசியால கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிடுவாங்க. என்னன்னு அதுல தெரியும். எதுவா இருந்தாலும் நீ ஊருக்குப் போகல. என் வீட்லதான் இருக்கப்போறே.

பென்சில்: ரெண்டு கப்பு இருக்கில்ல, இருக்கேன். இந்தப் பக்கம் திரும்பு. அழறியா?

நீலம்: இல்ல.

பென்சில்: அழாதே, படம் ஆடிடும்னு நீதானே எழுதினே. முதல்ல பட்டனை அழுத்து.

நீலம்: அழுத்திட்டேன். படம் நின்னுடுச்சு.

பென்சில்: சரி, இப்ப அழு.